வந்து சேர்ந்ததாக எழுதுங்கள்

இதைக் கதையாக நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். நான் மறுத்துப் பேச வரவில்லை. அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. என்னோடு சேர்ந்து அதைக் கேட்ட இரண்டு பேர் இப்போதும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் கேட்டால் சொல்வார். இன்னொருவர் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

என் பெயர் கைடி. தாலின் நகரத்தில் இருக்கிறேன். இணையத்தளங்களுக்குப் பின்னால் ஓடுகிற நிரல்களை எழுதுவது என் பிழைப்பு. பேய், ஆவி என்று பேசுகிற கூட்டத்தோடு எனக்குப் பழக்கமே கிடையாது.

ஜனவரி கடைசி வாரம். ரோஹுபே கரைக்கும் கூஸ்னா தீவுக்கும் நடுவில் கடல் உறைந்து, பனிச்சாலை திறந்திருந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர். சாலை என்றால், உறைந்த கடலின் மேல் வண்டி ஓட்டிப் போவதுதான். இரண்டு பக்கமும் ஜூனிப்பர் என்ற புதர்ச்செடியின் கிளைகளை நட்டு வைத்திருப்பார்கள். கிளைகளுக்கு நடுவில் போனால் பிழைத்தோம். சீட் பெல்ட் போடக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. பனி உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டும் என்பதற்காக. சூரியன் இறங்குவதற்கு முன் சாலையை மூடிவிடுவார்கள். ஜனவரியில் அது மாலை நான்கு மணிக்கே.

கரைக்கு ஒரு காவல் குடில். இந்தக் கரையில் ஊர்வே என்ற அம்மாள். தீவுக் கரையில் எண்டெல் என்ற மனிதர். புறப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் ஊர்வே ஒரு கார்டு கொடுப்பாள். தீவில் இறங்கியதும் அதை அங்கிருக்கிற இயந்திரத்தில் வைக்க வேண்டும். உடனே அந்த இயந்திரம், வண்டி வந்து சேர்ந்தது என்று ஒரு செய்தி அனுப்பும். செய்தி வந்தால் கணக்கு முடிந்தது. நாற்பது நிமிடத்துக்குள் வராவிட்டால் துறைமுகத்தில் சைரன் அடிக்கும். மீட்புக்குழு தேடப் புறப்படும்.

முந்தைய குளிர்காலத்தில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. அந்தச் செய்தி வந்து சேரும் முகவரி திறந்த வீடு மாதிரி இருந்திருக்கிறது. முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். எவனோ விளையாட்டுக்கு, போன வண்டியெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொய்ச் செய்தி அனுப்பிவிட்டான். அதே நேரத்தில் ஒரு வேன் பனி வெடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. திரையில் வந்து சேர்ந்ததாக இருந்ததால் யாரும் தேடவில்லை. ஒரு தாயும் மகளும் வேனின் கூரைமேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தற்செயலாக வந்த ஒரு மீன்பிடிக்காரன் பார்த்ததால் பிழைத்தார்கள்.

அதைச் சரிசெய்யத்தான் என்னை அனுப்பினார்கள்.

செய்தி திரும்பி வந்து நிற்கிற வாசலுக்கு எங்கள் தொழிலில் கால்பேக் யூஆர்எல் என்று பெயர். அந்த வாசலை எச்டிடிபிஎஸ் ஆக்க வேண்டும். வழியில் யாரும் செய்தியைப் பிரிக்கவோ மாற்றவோ முடியாது. வாசல் எங்களுடையதுதான் என்பதற்கு ஒரு சான்றிதழ். செய்தியை அனுப்புவது தீவின் இயந்திரம்தான் என்பதற்கு, அது மட்டுமே போடக்கூடிய ஒரு ரகசிய முத்திரை. கடைசியாக நேரம். கார்டை வைத்த நேரம் செய்திக்குள்ளேயே இருக்கும். அது ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் வாசல் ஏற்காது. பழைய செய்தியை யாராவது பிடித்து வைத்திருந்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது அல்லவா. வேலை அவ்வளவுதான். காலையில் தீவுக்குப் போய்ப் புது இயந்திரத்தை மாட்டிவிட்டுத் திரும்பி, மதியத்துக்குள் முடித்துவிட்டேன். பழைய வாசலை மூடினேன். இருட்டும் வரை இருந்து, உண்மையான வண்டிகள் போய்வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன்.

குடிலில் ஒரு மின்சார அடுப்பு இருந்தது. அதன் சூடு முழங்காலைத் தாண்டி மேலே வரவில்லை. வெளியே மைனஸ் பதினான்கு. விரல் நுனிகள் மரத்துப்போய், விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தொடுகிறேன் என்று பார்த்துப் பார்த்துத்தான் தட்ட வேண்டியிருந்தது. ஊர்வே தன் கறுப்பு ரொட்டியிலும் புகைபோட்ட மீனிலும் எனக்குப் பங்கு கொடுத்தாள். இருபது வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். வாய் ஓயாது. கேலியில்தான் அவள் பொழுதே போகும்.

“பூட்டுக்கு மேல பூட்டு போடுறியே பொண்ணே, கடைசில நீயே உள்ள போக முடியாம வெளிய நிக்கப் போற” என்றாள்.

வண்டிகள் போயின. செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒன்றிலும் பிசகு இல்லை.

3.40-க்குக் கடைசி வண்டி வந்தது. பழைய பச்சை நிற ஸ்டேஷன் வேகன். ஓட்டி வந்தவன் இல்மார். தீவுக்காரன், எலக்ட்ரீஷியன், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர்வேக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இன்னும் இருபது நிமிடம் கழித்து வந்திருந்தால் ராத்திரி என் வீட்டுச் சோஃபாவில்தான் படுத்திருப்பாய் என்று அவனைச் சீண்டினாள். அவன் சிரித்தான். கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின் கண்ணாடிகளில் பனி படிந்திருந்தது. உள்ளே பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

பின் விளக்குகள் கிளைகளுக்கு நடுவில் சிறிதாகிக்கொண்டே போனதைப் பார்த்தேன். லேசாகப் பனித்தூள் பறந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. ஊர்வே தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு வந்தாள்.

3.58-க்குத் தொலைபேசி அடித்தது. தீவிலிருந்து எண்டெல். ஊர்வே ஸ்பீக்கரில் போட்டாள்.

இல்மார் வந்துவிட்டானாம். குடிலில்தான் உட்கார்ந்திருக்கிறானாம். ஆனால் இயந்திரம் அவன் கார்டை எடுக்கவில்லையாம். பட்டணத்துப் பொண்ணு ஏதாவது பண்ணிவிட்டாளா என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். செய்தி வந்திருந்தது. வாசல் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. காரணம்: பழையது. உள்ளே இருந்த நேரம் 3.52.

ஆறு நிமிடம் தாமதம். ஏதோ இணைப்பில் தடங்கல் என்று நினைத்தேன். மறுபடி வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

எண்டெல் அவனிடம் சொல்வது கேட்டது. பின்னால் ஒரு சின்னச் சத்தம். டக்… டக்… இயந்திரத்தில் கார்டு படும் சத்தமாக இருக்கும்.

4.01. செய்தி வந்தது. உள்ளே நேரம் 3.52.

இப்போதுதானே வைத்தான் என்று கேட்டேன். ஆமாம், என் கண் முன்னால்தான் வைத்தான் என்றார் எண்டெல்.

தீவு இயந்திரத்தின் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று தோன்றியது. எண்டெலிடம் சோதனைக்காக ஒரு கார்டு கொடுத்து வைத்திருந்தேன். அதை வைக்கச் சொன்னேன். உடனே வந்தது. வாசல் ஏற்றுக்கொண்டது. நேரம் 4.04. சரியாக இருந்தது.

மறுபடி இல்மார். டக்… டக்…

3.52.

எண்டெல். 4.06.

இல்மார். 3.52.

செய்தியின் முத்திரையைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்த முத்திரையைத் தீவின் இயந்திரம் மட்டும்தான் போட முடியும். செய்தி உண்மை. நேரம் மட்டும் நகரவில்லை.

ஊர்வே பொறுமை இழந்துவிட்டாள். ஒரு மனுஷன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான், இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக அவன் வரவில்லை என்று ஆகிவிடுமா என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சைரன் அடிக்கும். மீட்புக்குழு எல்லாரும் ஓடி வருவார்கள். ஊரே சிரிக்கும். நேரம் பார்க்கிற அந்தப் பூட்டை மட்டும் கழற்றிவிடு, நாளைக்கு மறுபடி மாட்டிக்கொள் என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிட்டால் வாசல் பழைய செய்தியையும் ஏற்கும்.

எண்டெலும் கேட்டார். அவர் குரல் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அரைத் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

“இல்மார் என்கூடப் படிச்சவன், கைடி. என் முன்னால உக்காந்திருக்கான். நான் சொல்றேன்ல?”

வரியைத் திறந்தேன். அழித்தேன். எண்டரைத் தட்டினால் முடிந்தது. மரத்த விரலை அதன்மேல் வைத்தேன்.

அந்த 3.52 மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எண்டெலிடம் கேட்டேன், இல்மாரின் வண்டி வந்ததைப் பார்த்தீர்களா என்று.

பார்க்கவில்லை என்றார்.

பிறகு சொன்னார். டீ போடுவதற்காகத் திரும்பி நின்றிருந்தாராம். திரும்பிப் பார்த்தபோது இல்மார் நாற்காலியில் இருந்தானாம். வண்டிச் சத்தம் கேட்டதாக நினைவில்லையாம். காற்று அடித்ததால் கேட்டிருக்காதாம்.

டீ குடித்தானா என்று ஊர்வே கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது என்று பிறகு சொன்னாள்.

“இல்ல… கொடுத்தேன். கையில வச்சிருக்கான். குடிக்கல.”

இல்மாரிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

4.11.

கரகரப்பு. டக்… டக்… இந்த முறை பக்கத்தில் கேட்டது.

“வந்துட்டேன்” என்றது குரல்.

அரை மணி நேரத்துக்கு முன் ஊர்வேயோடு சிரித்துப் பேசிய அதே குரல்தான். ஆனால் நடுவில் மூச்சு இல்லை. பேசுகிறவர்கள் மூச்சு விடுவதை நாம் கவனிப்பதில்லை. அது இல்லாதபோதுதான் தெரிகிறது.

வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எழுதிருங்க.”

வண்டி எங்கே?

“வந்துட்டேன்னு எழுதிருங்க. எழுதினாப் போதும்.”

கெஞ்சவில்லை. கோபமும் இல்லை. கடையில் உப்பு கேட்கிற மாதிரி கேட்டான்.

ஊர்வே என் தோளைப் பிடித்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

எண்டெல், வெளியே போய் வண்டி நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். போனை வைக்க வேண்டாம், மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

கதவு திறந்தது. காற்று. கதவு மூடியது.

4.14.

டக்.

டக்.

நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம்.

டக்… டக்… டக்…

அது கார்டு சத்தமில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இயந்திரம் டக் என்று அடிக்காது. பீப் என்றுதான் அடிக்கும். நானே மாட்டியது.

ஏதோ ஒரு பொத்தானை யாரோ அழுத்துகிறார்கள். அது உள்ளே போகிறது. வெளியே வருகிறது. எதுவும் விடுபடவில்லை.

டக்… டக்…

“இல்மார்?” என்றாள் ஊர்வே.

சத்தம் நின்றது.

“பெல்ட் கழல மாட்டேங்குது, ஊர்வே.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் திரையில் செய்திகள் வரத் தொடங்கின. எண்டெல் வெளியே இருந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் இல்லை.

3.52. நிராகரிக்கப்பட்டது.

3.52. நிராகரிக்கப்பட்டது.

3.52.

3.52.

திரை ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணால் பிடிக்க முடியவில்லை.

வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

எண்டர் விசைமேல் இருந்த என் விரலைப் பார்த்தேன். அது என்னுடையது மாதிரியே இல்லை. அதை எடு என்று எனக்குள் சொன்னேன். எடுக்க வரவில்லை. இடது கையால் பிடித்துத் தூக்கினேன்.

கதவு.

எண்டெலின் காலடி.

“வண்டி இல்ல.” பிறகு, “அவன் எங்க?”

ஊர்வே தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கைடி… நாற்காலில யாரும் இல்ல. டீ அப்படியே இருக்கு. தரை… தரையில பனியே இல்ல. அவன் நடந்து வந்திருந்தா பூட்ஸ்ல பனி இருக்கணும்ல?”

4.20.

சைரன் அடித்தது.

அந்த நொடியில் திரை நின்றது. ஒரு செய்திகூட வரவில்லை.

மீட்புக்குழுவிடம் பனியிலும் நீரிலும் ஓடுகிற ஒரு படகு உண்டு. சைரன் அடித்த ஆறாவது நிமிடத்தில் அது எங்கள் குடிலைத் தாண்டிப் போனது. மேற்கில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. ஊர்வே சன்னலில் நின்றாள். நான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அழித்த வரியை மறுபடி எழுதிச் சேமித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அது ஞாபகம் இருக்கிறது.

ஆறாவது கிலோமீட்டரில், கிளைகளிலிருந்து இருபது மீட்டர் தள்ளிப் பனியில் ஒரு ஓட்டை இருந்தது. ஏன் வழியை விட்டு விலகினான் என்று யாருக்கும் தெரியாது. வண்டி அடியில் போய்விட்டது. கணக்குப் போட்டால், 3.52-க்கு அவன் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

ஓட்டையின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு.

இல்மாரின் மனைவி மைரே. அன்று காலையில் பல் பிடுங்கிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுப் பின் சீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவள். அவள் வண்டியில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. கார்டு வண்டிக்குத்தான். ஆளுக்கு இல்லை. முழங்கால் வரை நனைந்திருந்தாள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். மூன்று கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவளைத் தூக்கிய மீட்புக்காரர் ஒன்று சொன்னார். அவள் போர்வையின் ஒரு பாதியில் உட்கார்ந்திருந்தாளாம். மறு பாதியைப் பக்கத்தில் பனியின்மேல் ஒழுங்காக விரித்து வைத்திருந்தாளாம். யாரோ உட்கார இடம் விட்ட மாதிரி.

மறுநாள் முக்குளிப்பவர்கள் இல்மாரை எடுத்தார்கள். பெல்ட் போட்டிருந்தான். அவனுடைய கட்டைவிரல் அதன் சிவப்புப் பொத்தானின்மேல் இருந்தது. பெல்ட்டைக் கத்தியால் அறுத்துத்தான் அவனை வெளியே எடுக்க முடிந்ததாம். ஊர்வே இதை நம்பவே இல்லை. இத்தனை வருடம் பனியில் ஓட்டியவன், ஒரு நாளும் பெல்ட் போட்டதில்லை என்றாள். அவள் கொடுத்த கார்டு அவன் சட்டைப்பையில், நனைந்து, அப்படியே இருந்தது.

அப்படியானால் தீவின் இயந்திரத்தில் எண்டெல் கண் முன்னால் வைக்கப்பட்டது எது? எண்டெல் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

நான் தாலினுக்குத் திரும்பினேன். நிராகரிக்கப்பட்ட அந்தச் செய்திகள் எல்லாவற்றையும் என் மேலாளர் எடுத்துப் பார்த்தார். முத்திரை சரி. முகவரி சரி. இயந்திரத்தில் கோளாறு என்று எழுதி மூடினார். எனக்கு ஆட்சேபம் இல்லை. சாப்பிட்டேன். தூங்கினேன். அலுவலகம் போனேன். நண்பர்கள் என்னவோ மாதிரி இருக்கிறாய் என்றார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலாக இருந்தது.

மார்ச் மாதம் ஊர்வே கூப்பிட்டாள். மைரே என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம். இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறாளாம். அவள் நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் கொஞ்சம் டூலிப் பூக்கள்.

மைரே சன்னல் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். அமைதியாகப் பேசினாள். பூவை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். நீங்கள்தானா அந்தக் கணினிக்காரப் பெண் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நடந்ததைச் சொன்னாள். தூக்கத்தில் தலை முன்னால் போய் இடித்ததாம். கண் திறந்தபோது வண்டியின் முன்பக்கம் நீருக்குள் இருந்ததாம். இல்மார் திரும்பிப் பார்த்து, பின் கதவைத் திறந்து குதி என்று கத்தினானாம். பெல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே கத்தினானாம். அவள் குதித்தாள். போர்வை காலில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தபோது வண்டி இல்லை. நீரின்மேல் பனித்துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தானாம்.

தீவுப் பக்கமிருந்து நடந்து வந்தானாம். உடை நனைந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்குப் பயமே தோன்றவில்லை. குளிர்கூடக் குறைந்தது என்றாள். இரு, போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவானாம். திரும்பி வருவானாம். இன்னும் எழுதவில்லை என்பானாம். மறுபடி போவானாம். அவன் வந்து உட்காருவதற்காகத்தான் போர்வையை விரித்து வைத்தாளாம்.

உதவி கேட்கத்தான் போனாரா என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

மைரே இல்லை என்று தலையசைத்தாள்.

கடைசியாக வந்தபோது அவன் சந்தோஷமாக இருந்தானாம். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னானாம்.

“இப்ப எழுதிருவாங்க மைரே. எழுதிட்டா யாரும் தேடி வரமாட்டாங்க. நாம வீட்டுக்குப் போயிரலாம்.”

அவள் சரி என்றாளாம். கண்ணை மூடிக்கொண்டாளாம். அப்போதுதான் சைரன் கேட்டது.

சன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான், என்பது போல் கேட்டாள்.

“ஏன் எழுதாம விட்டீங்க?”